வேலைக்கு முந்திய நன்றி

கொழும்பில் எத்தனை சாதிச் சனம் இருக்கிறது என்று விரல் மடித்து எண்ணுகிறவர்கள் ஒரு சாதியை மட்டும் எண்ணாமல் விட்டுவிடுகிறார்கள். அதற்கு மதம் கிடையாது, மொழி கிடையாது. கொட்டாஞ்சேனையில் முடுக்குக்கு ஒருவர், வெள்ளவத்தையில் மாடிக்கு ஒருவர், மாளிகாவத்தையில் வாசலுக்கு ஒருவர் என்று பரந்து வாழ்கிறது. முந்தி நன்றி சொல்கிறவர் என்று நான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

மாநகர சபையிலிருந்து ஒருவர் அளவு நாடாவோடு வந்து தெருமுனையில் நின்று மூக்கைச் சிந்திவிட்டுப் போனால் போதும், நாடாவை விரிக்கக்கூட வேண்டாம், அன்று பின்னேரமே உங்கள் கைபேசி கிணுகிணுக்கும், 'மகிழ்ச்சியான செய்தி' என்று தலைப்பு வரும், அதன் கீழே பூங்கொத்து வரும், பூங்கொத்தின் கீழே எமது வேண்டுகோளை ஏற்று இரவு பகல் பாராது உழைத்த இன்னாருக்கு முடுக்கு மக்களின் இதயம் நிறைந்த நன்றிகள் என்று வரும், அதற்கும் கீழே இரண்டு கை கூப்பி நிற்கும்.

வேலை? அது வரும்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். சட்டைப் பையில் பேனை இருக்கும், எழுதாது. கூட்டம் என்றால் இரண்டாம் வரிசையில் இருப்பார்; முதல் வரிசைக்குக் கூப்பிடும்போது எழுந்துபோக அதுதான் வசதி. பேச்சில் 'மாதிரித்தான்' என்ற சொல் அடிக்கடி விழும். ரோட்டுப் போட்ட மாதிரித்தான். குப்பை அள்ளின மாதிரித்தான். தண்ணி வந்த மாதிரித்தான்.

வெள்ளவத்தையில் இந்தச் சாதி கொஞ்சம் படித்தது. என் சித்தப்பாவின் இரண்டாவது மகளைக் கட்டிய யோகராஜ் அங்கே கடற்கரைப் பக்கம் ஒரு ஒழுங்கையில் இருக்கிறார். ஒரு நாள் போயிருந்தபோது, ஒழுங்கைக்கு விளக்குப் போட்டாயிற்று என்று சபைக்கு நன்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். வெளியே எட்டிப் பார்த்தேன். கும்மிருட்டு.

"எங்க தம்பி லைட்?"

"எரியுது எண்டே வையுங்கோ அண்ணை."

"எங்க எரியுது எண்டு கேக்கிறன்."

"ஃபைலிலை எரியுது."

பிறகு டோர்ச் அடித்து என்னைப் பஸ் ஏற்றிவிட்டார். நல்ல மனுஷன். இந்தச் சாதியில் கெட்டவர்களைக் காண்பது அரிது, அதுதான் கரைச்சல்.

ஆனால் நான் சொல்ல வந்தது யோகராஜை அல்ல. எங்கள் முடுக்கு றேமண்டை.

றேமண்டுக்கு இது இரத்தத்தில் வந்தது. அவருடைய தாய் திரேசா. திரேசாவின் தகப்பன் சவரிமுத்து. முடுக்குக்குப் பொதுக் குழாய் வரப்போகிறது என்று கேள்விப்பட்ட அன்றே, குழாய்க்காக நட்டு வைத்திருந்த வெறும் தூணுக்கு மாலை போட்டவர் இந்தச் சவரிமுத்து. திரேசாவுக்கு அப்போது பால் பல் விழவில்லை. தண்ணீர் வந்தபோது திரேசா கலியாணம் முடித்து, றேமண்டின் அண்ணனை இடுப்பில் வைத்துக்கொண்டு குடத்தோடு போய் நின்றாள். திரேசாவின் அக்கா பிலோமினா இன்னும் ஒரு படி மேலே. மகன் கப்பல் வேலைக்கு நேர்முகத்துக்குப் போகிற அன்று காலையிலேயே, பெற்ற வரத்துக்கு நன்றி என்று புனிதரின் பெயரைப் போட்டுப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தவள்.

இது எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரரிடம் உள்ள பழக்கம்தான். கேட்டது கிடைத்தால் பத்திரிகையில் நன்றி போடுவார்கள், வசதியானவர்கள் கல்லில் பொறித்துக் கோவில் சுவரில் பதிப்பார்கள். பிலோமினா அதைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துவிட்டாள். ஊரறிய நன்றி சொன்ன பிறகு புனிதர் எப்படிக் கையை விரிப்பார் என்பது அவள் கணக்கு. விரிக்கவில்லை. பையன் கப்பலேறினான். அன்று தொட்டு அந்தக் குடும்பத்தில் எல்லாருமே முந்தித்தான் நன்றி சொல்கிறார்கள், வைத்தியருக்கு, வாத்தியாருக்கு, சமையல்காரருக்கு. றேமண்ட் அதைச் சபைக்கும் சொல்லத் தொடங்கினார். விஷயம் அங்கேதான் பிழையாய்ப் போனது.

எங்கள் முடுக்கு வாசலில் ஒரு கான் குறுக்கே ஓடுகிறது. கழிவுத் தண்ணீர் எல்லாம் அதில்தான் போகும். அதன்மேல் இருந்த கொங்கிறீட் மூடிகளை மணல் லொறி ஒன்று பின்னுக்கு வந்து நொறுக்கிவிட்டுப் போனது. கால் உள்ளவர்கள் தாண்டினோம். பிள்ளைகள் அதை விளையாட்டாக்கிக்கொண்டார்கள். யாரோ ஒரு ஒடுங்கிய பலகையைப் போட்டார்கள், பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் நடந்தார்கள்.

அழகுமுத்துவால் மட்டும் தாண்ட முடியவில்லை.

அழகுமுத்து மலைநாட்டிலிருந்து இளந்தாரியாக வந்து, புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமியாக வயது போனவர். அரிசி மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு லொறிக்கும் கிட்டங்கிக்கும் நடுவில் ஓடின ஆள். சீனி வருத்தம் வந்து இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது வலது பாதத்திலும் ஒரு புண். கிழமைக்கு இரண்டு தரம் கிளினிக்குக்குப் போய் மருந்து கட்ட வேண்டும். விட்டால் அந்தக் காலும் போகும் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஒரு தர்மகாரியக் கூட்டம் கொடுத்த சக்கர நாற்காலி இருக்கிறது. வீட்டிலிருந்து கான் வரைக்கும் தானே கையால் உருட்டி வந்துவிடுவார். கானுக்கு அப்பால் அவருடைய பெண்சாதி மயிலம்மா பிடித்து வைத்த த்ரீவீல் நிற்கும். நடுவில் ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்குக் கான்.

ஒவ்வொரு முறையும் மஷூரும் அவருடைய மருமகன் ஷிராஸும் நாற்காலியோடு அவரைத் தூக்கி அக்கரை சேர்த்தார்கள். மஷூர் முடுக்கு வாசலில் இரும்பு ஒட்டுகிற கடை வைத்திருக்கிறார். மருதானையில் தொழில் பழகியவர், கை சுத்தம். தூக்குவதில் அவருக்கு ஒரு கரைச்சலும் இருக்கவில்லை. தூக்கப்படுகிறவருக்குத்தான் இருந்தது. ஒரு நாள் கான் கரையில் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்.

"போதும் நானா. இனிமே தூக்காதீங்க."

"என்த அண்ணன், எங்களுக்கென்ன பாரமா ஈக்கிது?"

"ஒங்களுக்கு இல்ல. நான் வாழ்க்க பூரா மூட்ட தூக்குனவன். மூட்டைக்கு என்னா மருவாதன்னு எனக்குத் தெரியும்."

நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதோடு கிளினிக் நின்றது. மயிலம்மா வீட்டில் மருந்து கட்டினாள். புண் கறுக்கத் தொடங்கியது.

மயிலம்மா போய் நின்ற இடம் றேமண்டின் வாசல். சபை என்றால் றேமண்ட்தானே. அவரும் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அன்றைக்கே சபைக்குப் போனார், உறுப்பினரின் வீட்டுக்குப் போனார், மனுக் கொடுத்தார். திரும்பி வரும்போது முகம் மலர்ந்திருந்தது.

"மயிலம்மாக்கா, எஸ்டிமேட் எடுக்கச் சொல்லிட்டார். இனி மூடி போட்ட மாதிரித்தான்."

"எப்ப தம்பி போடுவாங்க?"

"அதான் சொல்றனே அக்கா. போட்ட மாதிரித்தான்."

அன்றிரவு மகிழ்ச்சியான செய்தி வந்தது. பூங்கொத்து வந்தது. கூப்பிய கைகள் வந்தன. முடுக்கே சேர்ந்து கை கூப்பியது. மறுநாள் றேமண்ட் மஷூரின் கடைக்கு வந்து ஒரு இரும்புச் சட்டம் கேட்டார். துணிப் பதாகை போட்டால் மழைக்கு முந்தி யாராவது கூரைக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள், ஆகையால் இந்த முறை தடித்த பலகையில் படத்தை ஒட்டி, இரும்புச் சட்டத்தில் இறுக்கி, வாசல் சுவரில் மாட்டப்போகிறாராம்.

"மூடி இன்னம் வரல்லயே றேமண்ட்," என்றார் மஷூர்.

"முந்திச் சொன்னாத்தான் நானா அவங்களுக்குச் செய்யாம இருக்க ஏலாது. எங்கட பெரியம்மா அப்பிடித்தான்—"

"தெரியும், தெரியும், கப்பல் கத. அது அந்தோனியார். பெரிய மனுஷன், வெக்கப்பட்டுச் செஞ்சிட்டாரு. சபைக்கு வெக்கம் எங்க ஈக்கிது? நாங்க நேர்ச்ச வெச்சா வேல முடிஞ்ச பொறகுதான் ஆடு அறுக்குற."

சொன்னாரே தவிர, தொழிலில் குறை வைக்கவில்லை. குறுக்கே நாலு கம்பி வைத்து, மூலைக்கு மூலை ஒட்டி, இரண்டு பேர் பிடித்தால்தான் தூக்கலாம் என்ற கனத்தில் ஒரு சட்டம் செய்து கொடுத்தார். இவ்வளவு பலம் எதற்கு என்று றேமண்ட் கேட்டார்.

"வேல முடியிற வரைக்கும் நிக்கவேண்டிய சாமான் தானே," என்றார் மஷூர்.

பலகை ஏறியது. நடுவில் உறுப்பினர் கை கூப்பிச் சிரித்தார், ஒரு கதவு அளவுக்கு. மூலையில் றேமண்ட் சிரித்தார், ஒரு கைலேஞ்சித் துணி அளவுக்கு. கான் மூடிகள் போட்டுத் தந்த எமது உறுப்பினருக்கு முடுக்கு மக்களின் நன்றி என்று நடுவே மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. அடுத்த ஞாயிறு உறுப்பினரே வந்து அதன் முன்னால் நின்றார். அவருடைய ஆட்கள் படம் எடுத்தார்கள். எல்லாரும் நெருங்கி நில்லுங்கள் என்றார்கள், நெருங்கி நின்றோம், நாங்கள் நெருங்கி நின்றதில் கான் மறைந்துவிட்டது. யாராவது விழுந்தால்தானே கான் தெரியும்? பழக்கதோஷம், ஒருவரும் விழவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. மூடியும் இல்லை, நாடாக்காரரும் இல்லை. ஒரு மாரி தொடங்கியது. அழகுமுத்துவின் புண் மணக்கத் தொடங்கியது. மயிலம்மா றேமண்டைக் கையோடு கூட்டிக்கொண்டு சபையின் வட்டார அலுவலகத்துக்குப் போனாள். பேச்சுத் துணைக்கு என்று என்னையும் கூப்பிட்டார்கள்.

அங்கே முறைப்பாடு பார்க்கிற பிள்ளை சுபோதினி. றேமண்ட் முதலில் சிங்களத்தில் தொடங்கி, மிஸ், பொட்டக் பலன்ன, கொஞ்சம் பாருங்கோ என்று குழைந்தார். அந்தப் பிள்ளை தமிழில் பதில் சொன்னாள்.

"அது முடிஞ்ச வேலை ஐயா."

"இல்லீங்க மிஸ்ஸி," என்றாள் மயிலம்மா, "கான் தொறந்துதான் கெடக்கு. காலையில பாத்துட்டுத்தான் வாறேன்."

சுபோதினி கணினியை எங்கள் பக்கம் திருப்பினாள். படம். உறுப்பினர் சிரித்தார், றேமண்ட் சிரித்தார், பின்னால் பலகை பளபளத்தது, நாங்கள் எல்லாரும் நெருங்கி நின்றோம். மக்களே நன்றி சொன்ன திட்டம் என்று சபையின் முகநூல் பக்கத்தில் போட்டிருந்தார்கள். நன்றி வந்தாயிற்று, ஆகையால் வேலை முடிந்தாயிற்று என்று அவர்கள் கணக்கை மூடியிருந்தார்கள். எங்கள் முடுக்கு மூடிகள், எப்போதும் யாருக்கும் நன்றி சொல்லாமல் வாசலில் நின்று சத்தம்போடுகிற கிராண்ட்பாஸ் தோட்டக் குடியிருப்பு ஒன்றுக்குப் போயிருந்தன.

"இதில நிக்கிறது நீங்கதானே?" என்று றேமண்டைக் கேட்டாள்.

றேமண்ட் படத்தை உற்றுப் பார்த்தார். வேறு யாராவது இருக்கக்கூடாதா என்று பார்த்தார்.

"கீழ எத்தனை பேர் கும்பிட்டிருக்கினம் பாருங்கோ. மயிலம்மா எண்டு ஒரு ஆளும் கும்பிட்டிருக்கு."

மயிலம்மா தலையைக் குனிந்தாள். "நாந்தாங்க மிஸ்ஸி. எல்லாரும் போட்டாங்க. நம்ம மட்டும் போடாம இருந்தா நல்லாருக்காதேன்னு..."

அந்தப் பிள்ளைக்குக் கோபம் இல்லை. குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னாள். வேலை நடக்கவில்லை, நான் சொன்ன நன்றி பிழை என்று நன்றி சொன்னவரே கையெழுத்து வைத்தால், மூடின கணக்கைத் திறக்கலாம். ஒரு தாளையும் எடுத்து வைத்தாள்.

றேமண்டின் சட்டைப் பையில் பேனை இருந்தது. கை அந்தப் பக்கம் போகவில்லை.

"சொன்ன நன்றியத் திருப்பி வாங்கிறதா மிஸ்?"

"முந்திச் சொன்னபடியாத்தானே ஐயா வாங்கவேணும்."

"தம்பி," என்றாள் மயிலம்மா, "ஒரு கையெழுத்துத்தானே. அவரு காலுங்க."

"விளங்குது அக்கா. ஆனா மெம்பர் அடுத்த மாசம் முடுக்குக்கு லைட் தாறன் எண்டிருக்கார். இப்ப போய் இல்லை எண்டு எழுதினா, லைட்டும் இல்லாமப் போயிடும். கொஞ்சம் பொறுங்க. நான் அவரோட தனியாக் கதைக்கிறன். கதைச்சா மூடி வந்த மாதிரித்தான்." பிறகு சுபோதினியின் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் கூப்பி, "நீங்க செய்யப்போற உதவிக்கு இப்பவே நன்றி மிஸ்," என்றார்.

அந்தப் பிள்ளை தாளை எடுத்து உள்ளே வைத்தாள்.

திரும்பி வந்தோம். பஸ்ஸை விட்டு இறங்கினதும் மயிலம்மா வீட்டுக்குப் போகாமல் நேரே மஷூரின் கடைக்குள் போனாள்.

"நானா, அந்தச் சட்டம் எத்தன பாரம் தாங்கும்?"

மஷூர் ஒட்டுகிற கண்ணாடியைக் கழற்றினார். வாசல் சுவரைப் பார்த்தார், கானைப் பார்த்தார். விளங்கிவிட்டது. கேள்வி ஒன்றும் கேட்காமல் ஷிராஸைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாகப் பலகையைச் சுவரிலிருந்து இறக்கினார்கள். கானுக்குக் குறுக்கே போட்டார்கள். அளந்து செய்தாலும் அப்படிப் பொருந்தாது. உறுப்பினர் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துக் கை கூப்பினார்.

றேமண்ட் ஓடி வந்தார்.

"அக்கா, அக்கா, மெம்பர்ட முகம் இருக்கு அதில."

"இருக்கட்டும் தம்பி. ஒங்க முகமும் இருக்குது."

"ஆராவது படம் எடுத்தா என்னாகும்?"

"நீங்கதான் படம் எடுக்குற ஆளு. நீங்க எடுக்காட்டி யாரு எடுப்பா?"

"பயப்படாத றேமண்ட்," என்றார் மஷூர். "அந்த மனுஷனால இண்டைக்குத்தான் ஒரு வேல நடந்தீக்கிது."

மயிலம்மா உள்ளே போய்ப் புருஷனைக் கூட்டிவந்தாள். கூட்டிவந்தாள் என்றால், அவர் உருட்டி வந்தார், அவள் பின்னால் நடந்தாள். கரையில் நின்று பலகையை மேலும் கீழும் பார்த்தார். லொறிப் பலகையில் ஏறி இறங்கின மனுஷனுக்குப் பலகையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷிராஸ் உதவிக்குக் கையை நீட்டினான். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சக்கரத்தை இரண்டு கையாலும் தள்ளி ஏறினார். சட்டம் ஒரு முனகல்கூட முனகவில்லை. நடுவில் ஒரு கணம் நிறுத்தினார்.

"யாரு மேல புள்ள நிக்கிறேன்?"

"எல்லாரு மேலயுந்தாங்க," என்றாள் மயிலம்மா. "நீங்க போங்க."

போனார். அக்கரையில் த்ரீவீல் நின்றது. கிளினிக்கில் டொக்டர் நல்லாக ஏசியிருக்கிறார், ஏசிவிட்டுக் கால் தப்பலாம், ஒரு நாளும் தவறாமல் வர வேண்டும் என்றிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை.

அன்றிரவு முடுக்கின் கைபேசிகள் எல்லாம் கிணுகிணுத்தன. மகிழ்ச்சியான செய்தி. கான் கடக்கும் வசதி ஏற்படுத்தித் தந்த எமது உறுப்பினருக்கு நன்றி. பூங்கொத்து. கீழே, கூப்பிய கை. அதன் கீழே இன்னொன்று. அதன் கீழே இன்னொன்று.

நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். ஓம், எங்கள் ஒழுங்கையிலும் இப்படி ஒரு ஆள் உண்டு என்று பெயரும் சொல்லுவீர்கள். சொல்லுங்கள். ஆனால் அந்த ஆள் ஒருவர்தானே? அவருக்குக் கீழே கும்பிட்ட இத்தனை பேரும் எங்கே இருந்து வந்தார்கள்? ஆகாயத்திலிருந்து விழுந்தார்களா?

அதுவும் போகட்டும். கடைசியாக ஒரு சங்கதி. பலகை மாரிக்கு ஊதத் தொடங்கிவிட்டது. உறுப்பினரின் கன்னம் உரிந்துவிட்டது. மூலையில் இருந்த றேமண்டைக் காணவே இல்லை. கூப்பிய கைகள் மட்டும் சக்கரத் தடத்துக்கு நடுவில் இன்னும் தெரிகின்றன. இரும்பு நிற்கும், பலகை இன்னும் ஒரு பெருமழைக்குத் தாங்காது என்கிறார் மஷூர். அதற்குள் மூடி வந்தால்தான் அழகுமுத்து கிளினிக்குக்குப் போகலாம். நேற்று சபையிலிருந்து ஒருவர் நாடாவோடு வந்தார். இந்த முறை விரித்தும் பார்த்தார்.

'அப்பாடா' என்று உங்கள் வாயில் ஒரு சொல் வந்ததே, அதைத்தான் சொல்கிறேன். அதை அப்படியே விழுங்கிவிட்டு, ஒரு நாள் எங்கள் முடுக்குப் பக்கம் வந்து கானைப் பாருங்கள்.